ரெனிஷ் சுமக்காத சீட்டு

ஜேசுபாதம் அண்ணாச்சி சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், கூடத்தில் பாயில் குப்புறக் கிடந்த ரெனிஷின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீராத்தான் விடுதான்," என்று ரெனிஷின் அம்மா ஞானபாக்கியத்திடம் மெல்லச் சொன்னார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பி.காம் மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை படிப்பைத்தான் விட்டுவிட்டானோ என்று ஒரு கணம் பதறிப்போனாள்.

அவர்கள் போகும் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அந்த வருஷத்தில் செய்து முடிக்க நினைக்கிற காரியங்களை ஆளுக்கொரு சீட்டில் எழுதி, பெயர் போட்டு, மடித்து, ஓலைப்பெட்டியில் போட வேண்டும். பெட்டியை நன்றாகக் குலுக்கியபின் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்த சீட்டுக்குப் பாரச்சீட்டு என்று பெயர். எடுத்தவர் வருஷம் முழுக்க அந்த ஆளுக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும்; யாரைச் சுமக்கிறோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. டிசம்பர் கடைசி ஞாயிறு, சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும் சபைக்கு முன்னால் சேர்ந்து நின்று எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லிப் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுசுக்கு யோசிக்க ஆரம்பிக்க வேண்டும். தூத்துக்குடியில் மற்ற சபைக்காரர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. ரெனிஷோ அவர்களுக்கு அந்தச் சிரமம் வைக்காமல் உள்ளே இருந்தபடியே கேலி செய்துகொண்டிருந்தான்.

கல்லூரியில் அவனுக்கு அதுதான் தொழில். அறிவிப்புப் பலகையில் முதல்வர் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் காலி இடத்தில் அவன் ஒட்டும் அறிவிப்புகளை, உண்மையான அறிவிப்பு என்று நம்பி இரண்டு பேராசிரியர்கள் இதுவரை விடுப்பு எடுத்திருக்கிறார்கள். போன ஜனவரியில் மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தபோது, அவன் தன் சீட்டில் அரை நிமிடத்தில் எழுதி முடித்தான்: "இந்த ஆண்டு முழுவதும் தொடர்ந்து மூச்சு விட வேண்டும்."

அந்தச் சீட்டு ஜேசுபாதம் அண்ணாச்சி கைக்குப் போயிருக்கிறது. ஜின் ஃபாக்டரி ரோட்டில் ஆணியும் கீலும் விற்கிற அண்ணாச்சிக்கு, ஒரு வாலிபன் எழுத்தில் இப்படி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: பையனுக்கு இழுப்பு நோய். வெளியே சொல்லக் கூச்சம். அன்றிலிருந்து காலையில் அவனுக்காக ஜெபித்து முடிக்காமல் அவர் காப்பி குடிக்கவில்லை. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். ஜூன் மாதம் பெயர் போடாமல் ஆவி பிடிக்கும் டப்பா ஒன்று இந்த வீட்டுக்கு வந்தது. அதை யார் அனுப்பியது என்று தெரியாமல் ஞானபாக்கியம் அதில் இடியாப்பம் அவித்துப் பார்த்தாள். கடைசி ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் இல்லை, நாளைக்கு நாசரேத்தில் ஒரு கல்யாணம் என்பதால்தான், ஒருநாள் முன்னால் வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

இதையெல்லாம் அவர் பாயின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ரெனிஷ் எழுந்து உட்கார்ந்தான். தமாஷ் என்று சொல்லிவிடலாம்தான். வாயைக்கூடத் திறந்தான். முந்நூற்று அறுபது காப்பிகள் ஆறிப்போய் வரிசையாக நிற்பது கண்ணில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"இப்போ எப்படிலே இருக்கு?"

"பரவால்ல அண்ணாச்சி. விட முடியுது."

அண்ணாச்சி அவன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். எழுந்து போகும்போது, அவனிடமும் ஒரு சீட்டு இருக்குமே, அவன் யாரைச் சுமக்கிறான் என்று கேட்டுவிட்டு, கேட்கக் கூடாது என்று தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது, பெரிய பாரம்தான் என்றும் சொன்னார்.

அந்த மூஞ்சி அப்போதுதான் அப்படி ஆகியிருந்தது. ரெனிஷுக்குத் தன்னிடமும் ஒரு சீட்டு உண்டு என்பது அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

சீட்டை வைத்திருந்த வேதாகமத்தைத் தேடியதில் அது ஃபிரிட்ஜுக்கு மேல், மின்சார பில்களுக்கு அடியில் இருந்தது. உறையின் ஜிப்பைத் திறந்தான். ஜனவரியில் வைத்தபடியே மடிப்புக் கலையாமல் சீட்டு இருந்தது. பெயர்: ஜெபசுதா.

யார் என்று தெரிந்தது. சபையில் மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காருவாள், நாற்பத்திரண்டு வயது இருக்கும், தடித்த கண்ணாடி, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. அவளைப் பற்றி வேறு எதுவும் யாருக்கும் தெரியாது. சீட்டில் ஐந்து வரிகள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல உருண்டை எழுத்தில்:

"மத்தியானம் தனியாகச் சாப்பிடக் கூடாது. ஜெனிலா அக்காவுக்கு நானே முதலில் போன் செய்ய வேண்டும். பாட்டு நேரத்தில் வாயை மட்டும் அசைக்காமல் பாட வேண்டும். நீச்சல் படிக்க வேண்டும். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்."

ரெனிஷ் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தான். கேலி செய்ய ஒரு இடம் கிடைக்குமா என்று பார்த்தான். வழக்கமாகக் கிடைத்துவிடும்.

நாளைக்குக் காலை அவன் இவளோடு சபை முன்னால் நிற்க வேண்டும். எப்படிச் சுமந்தாய் என்று போதகர் கேட்பார். தினமும் நினைத்துக்கொண்டேன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்தவர்கள் சபையில் நிறைய உண்டு. ஆனால் அண்ணாச்சி வந்து போனபின் அந்தப் பொதுப் பொய் அவனுக்குக் கொஞ்சம் மலிவாகத் தெரிந்தது. சொல்வதென்றால் விவரத்தோடு சொல்ல வேண்டும். ஐந்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இன்றைக்கே விசாரித்துத் தெரிந்துகொண்டால் தரமான பொய்யாகச் சொல்லலாம். ஸ்கூட்டியை எடுத்தான்.

கண்ணாடிக் கடை முதலாளி நயினார் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஜெபசுதா இன்றைக்கு லீவு என்றார். சொன்ன விதம் வருத்தமாக இருந்தது. விசாரித்ததில் அவர் கொட்டிவிட்டார்: பன்னிரண்டு வருஷமாக அந்தப் பொம்பளை உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிற மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிடும். பிப்ரவரி மாதம் ஒருநாள் டிபன் பாக்ஸோடு வந்து அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவரே ஊறுகாயைத் தள்ளி வைத்தார். இப்போது அது லீவு போட்டால் அவருக்கு மத்தியானச் சாப்பாடே பிடிப்பதில்லை.

"என்னமோ வெறி பிடிச்ச மாதிரிலா இந்த வருஷம் இருக்கா," என்றார் நயினார். "மெட்ராஸ்லேருந்து கடல் கண்ணாடி ஒண்ணு வாங்கி, அவ பவருக்கு லென்ஸ் அறுத்து, நாலு மாசமா ஒட்டிக்கிட்டுக் கெடந்தா. மைனஸ் ஆறு. ஒட்டுனது ரெண்டு தடவ தண்ணியில பிரிஞ்சு போச்சு. இன்னைக்கு அதத் தூக்கிட்டு கடலுக்குப் போயிருக்கா."

ஒன்று நடந்திருக்கிறது. ஐந்தாவது இன்றைக்கு நடக்கப் போகிறது. விவரம் போதும், திரும்பிவிடலாம். ரெனிஷ் ஸ்கூட்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

தெரேஸ்புரத்துக்கு அந்தப் பக்கம் கரையில் ஒரு பைபர் படகு பாதி தண்ணீரில் நின்றது. படகுக்காரர் ராஜபாண்டி எஞ்சின்மேல் கை வைத்தபடி கடுகடுவென்று இருந்தார். ஜெபசுதா சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் முகமூடிக் கண்ணாடியோடு, கரை மணலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கூட வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டு ஜெமி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. இரண்டு மணி நேரமாக இப்படியே நிற்கிறார்கள். ராஜபாண்டி ஒரு விஷயத்தில் கறார்: இறங்குகிற ஆளுக்கு இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றுக்கு மேலே ஒரு ஆள். அவர் எஞ்சினைப் பார்ப்பாரா, கயிற்றைப் பார்ப்பாரா. ஆள் இல்லாவிட்டால் படகு நகராது. நாளையோடு வருஷம் முடிகிறது, திங்கள்கிழமையிலிருந்து காற்று மாறும் என்கிறார்கள்.

ரெனிஷைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நம்ம ஞானபாக்கியம் அக்கா மவன்லா நீ. தம்பி, ஒரு கயிறு பிடிக்க வாரியா?"

நீச்சல் தெரியாது என்றான். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த இருபது வயது ஆள் சொல்கிற பதில் இது. கடலோடு அவன் குடும்பத்துக்கு நான்கு தலைமுறையாக இருக்கிற ஒரே சம்பந்தம் குழம்பில் கிடக்கும் மீன்தான். ராஜபாண்டி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"முத்துக் குளிச்ச காலத்துல கயிறு பிடிக்க மச்சானத்தான் விடுவாங்க. அக்கா தாலி அறுந்துரும்னு அவன் அசந்துற மாட்டான்லா. நீ இவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே சர்ச்சு," என்றான் ரெனிஷ்.

"அது போதுமா?" என்று ராஜபாண்டி ஜெபசுதாவைப் பார்த்துக் கேட்டார். போதும் என்றாள் அவள்.

படகு கிளம்பியது. வலது பக்கம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கப்பல் ஒன்று மூன்று மாடித் தெருவைப் பெயர்த்து வைத்ததுபோல் நின்றது. ஜெபசுதா படகின் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பயத்தில்தான் பேச ஆரம்பித்தாள் என்று ரெனிஷுக்குப் பிறகு தோன்றியது. சபையில் வருஷக்கணக்கில் வாய் திறக்காதவள் அலைச் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுப் பேசினாள்.

முதல் நான்கும் நடந்துவிட்டதாம். அக்காவோடு ஆறு வருஷம் பேச்சில்லை. வீடு விற்ற சமயத்தில் வந்த மனஸ்தாபம். மே மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் அக்கா நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். விரல் போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தவளுக்கு ஒரு நினைப்பு வந்ததாம்.

"எஞ்சீட்டு யார் கையிலயோ இருக்குல்ல தம்பி. இந்நேரம் அவங்க எனக்காக முழங்கால்ல நின்னுக்கிட்டு இருப்பாங்க, நான் இங்கன போனைக் கவுத்தி வச்சிருக்கேன். டிசம்பர்ல அவங்க மூஞ்சில எப்படி முழிக்க? அப்படியே அமுக்கிட்டேன்."

மே மாதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ரெனிஷ் கணக்குப் பார்த்தான். கிரிக்கெட் வர்ணனையாளர்கள் சாம்பார் வைப்பதுபோல் குரல் மாற்றி வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

நீச்சலும் அப்படித்தான். பெண்கள் நீச்சல் வகுப்பில் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவள் ஒருத்தி மட்டும், கண்ணாடி இல்லாமல் சுவர் எது தண்ணீர் எது என்று தெரியாமல் மிதந்தாள். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து மறுபடி போனாள். காரணம் அதே ஆள்தான். அந்த ஆள் விடாமல் செய்கிறபோது நான் விடலாமா.

"யாருன்னு நினைக்கீங்க?" என்று கேட்டான் ரெனிஷ்.

போதகரின் மனைவியாக இருக்கும் என்றாள். இல்லாவிட்டால் ஜேசுபாதம் அண்ணாச்சி. இந்த வருஷம் அவர் முகத்தில் ஒரு சோர்வு தெரிந்ததாம், யாரையோ கஷ்டப்பட்டுச் சுமக்கிற சோர்வு.

முக்கால் மணி நேரத்தில் ராஜபாண்டி எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார். தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. மழை நின்று பத்து நாள் ஆனதில் நன்றாகத் தெளிந்து கிடக்கிறது, கீழே பாறை, இரண்டு ஆள் ஆழம் என்றார். ஜெபசுதா தன் கண்ணாடியைக் கழற்றி ரெனிஷின் கையில் கொடுத்துவிட்டுத் தான் ஒட்டிய முகமூடியை மாட்டினாள். லென்ஸ் இரண்டும் உள்பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தன. இடுப்பில் கயிறு. வாயில் மூச்சுக் குழாய். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாயிற்று. விளிம்பைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. பிறகு தலையைத் தூக்கினாள். குழாயை வாயிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் அவனைப் பார்த்தாள். கோணல் லென்ஸுக்குப் பின்னால் அந்தக் கண்கள் இவ்வளவு விரியும் என்று சபையில் ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

"ஏலே," என்றாள் குழாயை எடுத்துவிட்டு. "நீயும் பாரு. சும்மா பாரு."

ராஜபாண்டியிடம் இன்னொரு முகமூடி இருந்தது; அதைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கொஞ்ச நேரம் அவர் வாங்கிக்கொண்டார். ரெனிஷ் மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு, ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்து, உயிரைக் கையில் பிடித்தபடி முகத்தை இறக்கினான்.

முதலில் வந்தது சத்தம்தான். சுடுமணலில் யாரோ ஓயாமல் பொரி வறுப்பதுபோல் சடசடவென்று நாலாப் பக்கமும். மேலே கடல் அமைதியாகக் கிடக்க, அதற்கு ஒரு முழத்துக்குக் கீழே இவ்வளவு பேச்சு. அப்புறம் கண் பழகியது. கீழே பாறை மூளையின் மடிப்புகளோடு பெரிய பெரிய உருண்டைகளாகக் கிடந்தது. பக்கத்தில் மான் கொம்புகளைக் கட்டுக் கட்டாக நட்டு வைத்ததுபோல் ஒரு காடு. அதற்குள்ளிருந்து விரல் அளவு மீன்கள் ஆயிரம், இரண்டாயிரம் ஒரே வெள்ளித் தகடாக எழுந்து வந்தன. அவன் முகத்துக்கு முன்னால் நின்றன. யாரும் உத்தரவு கொடுத்ததாகத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கணத்தில் திரும்பின. தகடு மறைந்தது, தண்ணீர் மட்டும் இருந்தது, மறுபடி திரும்பியபோது தகடு வந்தது.

ரெனிஷுக்கு எதைப் பார்த்தாலும் உள்ளே ஒரு கேலி வாசகம் ஓடும். கல்யாணம், இழவு, பரீட்சை எதற்கும் ஓடும். இப்போது ஓடவில்லை. அவன் காத்துப் பார்த்தான். இருபது வருஷமாக இந்த ஊரில் சைக்கிளும் ஸ்கூட்டியும் ஓட்டிக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் இது இங்கேயே, இதே மாதிரி திரும்பிக்கொண்டு இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லையே என்று அது ஒருநாளும் நிறுத்தவில்லை.

தலையைத் தூக்கினான். ஜெபசுதா ஏணியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தாள்.

"அந்த ஆளு மட்டும் சுமக்கலைன்னா நான் இதப் பாக்காமலே செத்திருப்பேம்ல," என்றாள். "நாளைக்கு யாருன்னு தெரியட்டும். எல்லார் முன்னாலயும் கால்ல விழுந்துருவேன்."

ரெனிஷ் படகில் ஏறிக் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவளுடைய கண்ணாடி அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அக்கா, ஒங்க சீட்டு எங்கிட்டதான் இருக்கு."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு ஈரக் கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீயா, நீயா என்று இரண்டு தடவை கேட்டாள். இவ்வளவு சின்னப் பையனா என்றாள். அவன் தன் வாழ்க்கையில் வாங்கிய கைதட்டல்கள் எதிலும் அந்தப் பிடியில் பாதிகூட இருந்ததில்லை. கை விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான் ஒருநாள்கூட ஜெபம் பண்ணல அக்கா. சீட்டத் திறந்து பாக்கவே இல்ல. இன்னைக்குக் காலைல ஏழு மணிக்குத்தான் படிச்சேன்."

பிடி இருந்தது, ஆனால் பிடித்திருந்தவள் அங்கே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்து ஏணியைப் பிடித்தாள்.

"மே மாசம்?"

"இல்லக்கா."

"ஆகஸ்ட்ல, நான் மறுநாள் திரும்பிப் போனப்ப?"

"இல்லக்கா."

"பாட்டுப் பாட எந்திரிச்சு நின்னப்ப ஒருத்தரும் இல்ல."

அது கேள்வி இல்லை. படகுக்கு அடியில் தண்ணீர் களக் களக் என்றது. அவள் விரல்கள் ஏணிக் கம்பியில் வெளுத்துப் போயின. இவ்வளவு நேரம் இல்லாத பயம் திரும்பி வந்து அவள் தோளில் உட்காருவதை ரெனிஷ் கண்ணால் பார்த்தான். தான் உடைத்தது என்ன என்று அப்போதுதான் அளவு தெரிந்தது. இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கை இப்படி வெளுத்திருக்காது. போயிரலாமாக்கா என்று ராஜபாண்டி கேட்டார். நீ சும்மா இரு என்றாள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல நீ."

"ஆமாக்கா."

"பிறகு எதுக்குச் சொன்னே?"

"கால்ல விழுவேன்னு சொன்னீங்க," என்றான்.

அவள் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. துறைமுகம் இருக்கிற திசையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "அப்போ வருசம் பூரா நான் ஒத்தையிலதான் போயிருக்கேன்," என்றாள். புகார் சொல்வதுபோல் இருந்தது. பிறகு அதே வார்த்தைகளை மறுபடி, வேறு யாரோ செய்ததைக் கேள்விப்பட்டவள்போல் மெதுவாகச் சொன்னாள். "ஒத்தையிலதான் போயிருக்கேன்."

மிதவைச் சட்டையின் பட்டைகளைக் கழற்றிப் படகுக்குள் போட்டாள்.

"கயித்தத் தளத்திக் குடு. இந்தத் தடவ கீழ போறேன்."

ராஜபாண்டி எழுந்து நின்றுவிட்டார். அவள் முகமூடியை அழுத்திக்கொண்டு, மூச்சை இழுத்து, தலைகீழாகக் கவிழ்ந்தாள். குதிகால் இரண்டும் ஒரு தடவை வெயிலில் தெரிந்தன. கயிறு ரெனிஷின் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது.

அவன் படகின் ஓரத்தில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி, முகமூடி போட்ட முகத்தை மட்டும் தண்ணீரில் விட்டான். அவள் கீழே போய்க்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்துப் போகிற நீச்சல். அழகு ஒன்றும் இல்லை. பாறையின் ஒரு சரிவு முழுக்கச் சிப்பிகள், கை அகலம், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, இலேசாக வாய் திறந்து கிடந்தன. அவள் அதற்கு மேலே ஒரு முழம் உயரத்தில் மிதந்து போனாள். அவள் நிழல் பட்டது. நிழலின் முனையில் இருந்த சிப்பி மூடியது. அடுத்தது மூடியது. நிழல் போகப் போக வரிசையாக, சத்தமில்லாமல், நூறு, இருநூறு மூடிக்கொண்டே வந்தன. நிழல் கடந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தன. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் கடந்து போகிறாள் என்பதை அந்தச் சரிவு முழுவதும் அறிந்துகொண்டு வழிவிட்டதுபோல் இருந்தது. அவளும் அதைக் கண்டுகொண்டாள். நின்றாள். கையை மட்டும் நீட்டினாள். கையின் அளவுக்கு மட்டும் மூடின.

ரெனிஷ் வேண்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரிடம் என்று அவனுக்கு நிச்சயமில்லை. வார்த்தைகள் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அக்கா மேல வரணும், அக்கா மேல வரணும், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தைக் கேலியாகத் திருகாமல் அவன் இத்தனை தடவை சொன்னது அதுவே முதல்.

கயிறு இரண்டு தடவை அசைந்தது. இழுத்தான். தேவைக்கு மேலேயே இழுத்திருக்க வேண்டும். அவள் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து படகில் மோதி, ஏணியைப் பிடித்து, இருமினாள். ராஜபாண்டி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். படகுக்குள் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்கினாள்.

"அதுகளுக்கு என்னயத் தெரியுதுல," என்றாள்.

ராஜபாண்டி எஞ்சினைக் கிளப்பி, கரைப் பக்கம் திருப்பினார். ஜெபசுதா எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு ரெனிஷின் கையைப் பார்த்தாள்.

"கயித்த விடு. நான் மேலதான இருக்கேன்."

விடப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை. அவளே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்து சிவந்திருந்தது. நாளைக்குச் சபையில் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்டாள். நடந்ததைத்தான் சொல்வேன் என்றான். ஒரு மூச்சு நேரம் சுமந்தேன் என்று சொல்வேன். போதகருக்கு அது பிடிக்காது என்றாள். பிடிக்காதுதான் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த வருஷத்துக்கு எழுத வேண்டும், இப்பவே சொல்லிவிடுகிறேன், கரைக்குப் போனால் சின்னச் சின்னதாகத்தான் தோன்றும் என்றாள். காகிதம் இல்லை. அவன் போன் ஸ்கூட்டியில் கிடந்தது. சொல்லுங்க, மனசுல வச்சுக்கிடுதேன் என்றான். ஜனவரியில் பெட்டியிலிருந்து அது யார் கைக்குப் போகுமோ என்றாள்.

"யார் கைக்குப் போனாலும் சொல்லுங்க."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெனிலா அக்காவை அழைத்து வந்து அந்தச் சரிவைக் காட்டுவது முதலாவது. இரண்டாவதைச் சொல்லும்போது தயங்கினாள், சொன்னாள், சொன்னபின் தானே ஆச்சரியப்பட்டாள். ரெனிஷ் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிச் சொல்லி அடுக்கி வைத்தான். பரீட்சைக்குக்கூட அவன் இப்படிப் பண்ணியதில்லை. நான்காவதில் காற்றும் எஞ்சினும் சேர்ந்து அவள் குரலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அவன் பலகையை விட்டு எழுந்து, ஆடுகிற படகில் தட்டுத் தடுமாறி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"திரும்பச் சொல்லுங்கக்கா," என்றான்.